சுவிட்ச் மாத்துறதுக்கு முன்னாடி ‘எல்.சி.’ வாங்கியாச்சா?

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கி, ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ரொம்பச் சின்ன சமாச்சாரம். சுவத்துல இருக்கிற ஒரு லைட் சுவிட்ச். அதைக் கழட்டிட்டு புதுசு ஒண்ணு மாட்டணும். அவ்வளவுதான். ஆனா இதுக்கு ஏன் ஒரு முழு எபிசோடுன்னு கேட்டா, போன மாசம் எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லணும்.

கம்பத்துல அம்மா, அப்பா இருக்கிற வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் லைட் சுவிட்சைத் தட்டினா ‘கிர்ர்’னு ஒரு சத்தம். விரல் வச்சுப் பாத்தா லேசா சூடு. அன்னைக்கு மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கே கரண்ட் போயிருச்சு. அப்பா குஷியாயிட்டார். “இப்பத்தான் கரண்ட் இல்லையே, இதுதான் நேரம். அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு. அஞ்சு நிமிஷ வேலை.”

அப்பா தோட்டத்து மோட்டார் ரூம்ல முப்பது வருஷமா ஃபியூஸ் போட்டுப் பழகினவர். அதனால நானும் யோசிக்கல. போர்டோட மூடியைக் கழட்டியாச்சு. உள்ள ஒயர் எல்லாம் தெரியுது. அப்பா சுவிட்சைப் பிடிச்சு இழுக்கக் கையை நீட்டுறார். எனக்கு வேர்க்கலை. ஏன் வேர்க்கலைன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டு இருந்துச்சு.

அந்த ஃபேனோட சுவிட்சும் அதே போர்டுலதான் இருக்கு.

கரண்ட் கட்டுன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தம் இல்ல

இன்வர்ட்டர் இருக்கிற வீட்டுல, தெருவுல கரண்ட் போன அடுத்த நொடியே பேட்டரியில இருந்து 230 வோல்ட் வர ஆரம்பிச்சிரும். பேட்டரி 12 வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க. அந்த 12 வோல்ட்டை வீட்டுக்குத் தேவையான 230-ஆ மாத்திக் குடுக்கிறதுதான் இன்வர்ட்டரோட வேலையே. ஈ.பி. கரண்ட் அடிக்கிற மாதிரியேதான் இதுவும் அடிக்கும்.

இன்வர்ட்டர் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். சாயங்காலம் வரைக்கும் கட்டுன்னு சொல்லியிருப்பாங்க. வேலை சீக்கிரம் முடிஞ்சா மதியமே விட்டுருவாங்க. உங்க கை போர்டுக்குள்ள இருக்குன்னு சப்ஸ்டேஷன்ல இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அன்னைக்கு அப்பாவைத் தடுத்துட்டு என் தாய்மாமாவுக்குப் போன் போட்டேன். மாமா சின்னமனூர்ல வயரிங் வேலை பாக்குறவர், லைசென்ஸ் வச்சிருக்கிறவர். வந்து ஃபேனைப் பாத்தார், அப்பாவைப் பாத்தார், சிரிக்கவே இல்ல. அதுக்கப்புறம் நான் ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டேன். இனி வர்றது பெரும்பாலும் மாமா சொன்னது.

லைன்மேன் எப்படிச் செய்றார்?

மாமா: ஏந்தாயி, போஸ்ட்ல ஏறுற லைன்மேன் என்ன செய்வாருன்னு தெரியுமா? கரண்ட் போயிருச்சுன்னு பாத்துட்டு ஏற மாட்டாரு. எல்.சி. வாங்கிட்டுத்தான் ஏறுவாரு.

நான்: எல்.சி.ன்னா என்ன மாமா?

மாமா: லைன் கிளியர். சப்ஸ்டேஷன்ல கேட்டு, இந்த லைனை நிப்பாட்டியாச்சு, நீ வேலை பாக்கலாம்னு வாங்குற அனுமதி. எல்.சி. வாங்குனவரு வேலை முடிஞ்சுன்னு திருப்பிக் குடுக்குற வரைக்கும் அங்க இருக்கிறவரு லைனைப் போடக் கூடாது. அது மட்டும் இல்ல. எல்.சி. வாங்கியும் நம்ப மாட்டாக. லைன்ல கரண்ட் இருக்கான்னு பாத்து, எர்த் ராடு மாட்டிட்டுத்தான் கை வைப்பாக. ஏன்னா எவனாவது ஜெனரேட்டரைத் தப்பா மாட்டிவிட்டிருந்தா, அது பின்பக்கமா லைனுக்கே ஏறி வந்துரும்.

லோயர் கேம்ப் பெரியார் நீர்மின் நிலையத்துல இருந்து நம்ம தெருக்கோடி போஸ்ட் வரைக்கும் மின்சார வேலையில இதுதான் அடிப்படை. நிறுத்தணும். வேற யாரும் போட முடியாதபடி செய்யணும். நிஜமாவே நின்னுருச்சான்னு சோதிக்கணும். அப்புறம்தான் கை. தினமும் இதே வேலை பாக்குறவங்களே இப்படிச் செய்றப்ப, வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரூ டிரைவர் எடுக்கிற நாம அதைத் தாண்டிப் போறோம்.

சுவிட்சை ஆஃப் பண்ணா போதாதா?

நம்மள்ல பாதிப் பேர் நம்புறது இதைத்தான். போதாது. ஏன்னு புரிய, போர்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியணும்.

வீட்டு ஒயரிங்ல மூணு ஒயர். பேஸ், நியூட்ரல், எர்த். பேஸ்லதான் வோல்ட்டேஜ் இருக்கும். வழக்கமா பேஸ் சிவப்பு, மஞ்சள் இல்லேன்னா நீலம். நியூட்ரல் கருப்பு. எர்த் பச்சை. போர்டுக்குள்ள வர்ற பேஸ் ஒயர் முதல் சுவிட்சோட ஒரு ஸ்க்ரூவுல மாட்டியிருக்கும். அங்கிருந்து ஒரு துண்டு ஒயர் அடுத்த சுவிட்சுக்கு, அதுல இருந்து அதுக்கு அடுத்ததுக்குன்னு போகும். இதை லூப்புன்னு சொல்வாங்க. ஒவ்வொரு சுவிட்சோட இன்னொரு ஸ்க்ரூவுல இருந்துதான் லைட்டுக்கோ ஃபேனுக்கோ ஒயர் போகும்.

நீங்க சுவிட்சை ஆஃப் பண்றப்ப லைட் பக்கம் போற ஒயர்லதான் கரண்ட் நிக்குது. பேஸ் வந்து சேர்ற ஸ்க்ரூவுல 230 வோல்ட் அப்படியே காத்துக்கிட்டு இருக்கும். பக்கத்துச் சுவிட்சுகள்லயும் அதே கதை. அதனால ஒரே ஒரு சுவிட்சை மாத்தணும்னாலும் மொத்த போர்டும் செத்திருக்கணும்.

மாமா: இன்னொண்ணும் இருக்கு. விதிப்படி சுவிட்ச் பேஸ்லதான் இருக்கணும். ஆனா பழைய வீடுகள்ல தெரியாத ஆள் நியூட்ரல்ல சுவிட்சைப் போட்டு வச்சிருப்பான். லைட் எரியும், அணையும், எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா ஆஃப் பண்ணினப்புறமும் ஹோல்டர்ல பேஸ் நிக்கும். பல்பு மாத்துறப்ப அடிக்கும். கலரையும் நம்பாத தாயி. ஒயர் பத்தாம கையில இருந்த கலரை இழுத்துவிட்ட வீடு எத்தனையோ பாத்திருக்கேன்.

நாமளே மாத்தலாமா?

இதுக்குச் சட்டத்துலயே பதில் இருக்கு. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள்ல 45-ஆவது விதி, மின் வேலையை லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்யணும்னு சொல்லுச்சு. ஆனா ஒரு விலக்கும் குடுத்துச்சு. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரியானதை, இருக்கிற அமைப்போட திறனும் தன்மையும் மாறாதபடி அப்படியே மாத்திப் போடுறது அந்தக் கட்டுப்பாட்டுல வராது. பின்னாடி வந்த மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதே கோட்டைத்தான் போடுது.

அதாவது, பழுதான 6 ஆம்பியர் சுவிட்சை எடுத்துட்டு அதே இடத்துல இன்னொரு 6 ஆம்பியர் சுவிட்ச் மாட்டுறது நாம செய்யலாம். அதே போர்டுல இருந்து கீசருக்குப் புதுசா ஒரு லைன் இழுக்கிறது நம்ம வேலை இல்ல. யூடியூப்ல எவ்வளவு ஈசியா காட்டினாலும் சரி.

கடைக்குப் போறப்ப பழைய சுவிட்சோட போட்டோவைக் கையில வச்சுக்கோங்க. ஒரு கம்பெனி மாடுலர் சுவிட்ச் இன்னொரு கம்பெனி பிரேம்ல பெரும்பாலும் உட்காராது. லைட், ஃபேனுக்கு 6 ஆம்பியர். கீசர், ஏ.சி., அயர்ன் பாக்ஸ் மாதிரியானதுக்கு 16 ஆம்பியர். சாதா சுவிட்சுக்கு ரெண்டு ஸ்க்ரூ. மாடிப்படி லைட்டுக்கு கீழயும் மேலயும் போடுற டூ வே சுவிட்சுக்கு மூணு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க.

வீட்டுக்குள்ள ஒரு எல்.சி.

மாமா அன்னைக்குச் செஞ்ச வரிசை இது. கரண்ட் கட் நேரத்துல செய்ய மாட்டேன்னுட்டார். சாயங்காலம் கரண்ட் வந்தப்புறம், ஆனா இருட்டுறதுக்குள்ள ஆரம்பிச்சார். கரண்ட் இருந்தாத்தான் டெஸ்டர் வேலை செய்யுதான்னு சோதிக்க முடியும். வெளிச்சம் இருந்தாத்தான் கை எங்க போகுதுன்னு தெரியும்.

முதல்ல டெஸ்டரை அதே போர்டோட பிளக் பாயிண்ட்ல வச்சுப் பாத்தார். எரிஞ்சுது. அதாவது டெஸ்டர் நல்லா இருக்கு.

அடுத்து, அந்த ரூமோட எம்.சி.பி.யை மட்டும் இறக்கினார். திரும்ப வந்து அதே பாயிண்ட்ல வச்சார். எரியல. உடனே அடுத்த ரூமுக்குப் போய் அங்க வச்சுப் பாத்தார். எரிஞ்சுது. ஹால்ல எரியாததுக்குக் காரணம் டெஸ்டர் செத்ததில்ல, நிஜமாவே கரண்ட் இல்லைன்னு இப்பத்தான் சொல்ல முடியும்.

அதுக்கப்புறம் மெயினையே ஆஃப் பண்ணினார். இன்வர்ட்டரையும் ஆஃப் பண்ணினார். இங்க ஒண்ணு கவனிங்க. மெயின் ஆன்ல இருக்கிறப்ப இன்வர்ட்டரோட முன்பக்க பட்டனை மட்டும் அமுத்தினா, பெரும்பாலான இன்வர்ட்டர்ல ஈ.பி. கரண்ட் அது வழியாவே வீட்டுக்குப் போய்க்கிட்டுதான் இருக்கும். மெயினை மட்டும் இறக்கினா பேட்டரி கரண்ட் வரும். ரெண்டையும் நிறுத்தினாத்தான் நின்னதா அர்த்தம். மாடியில பேட்டரியோட சோலார் இருந்தா அதையும்தான்.

நிறைய வீடுகள்ல பேஸ் மாத்துற சுவிட்ச் வேற இருக்கும். ஒரு பேஸ் போனா இன்னொண்ணுக்குத் திருப்புறது. வேலை நடக்கிறப்ப வீட்டுல யாராவது “என்ன, கரண்ட் போச்சா?”ன்னு அதைத் திருப்பிட்டா? அதனாலதான் மாமா மூணாவதா ஒரு வேலை செஞ்சார். மெயின் பாக்ஸ்ல ‘ஆள் வேலை செய்யுது, போடாதே’ன்னு பேப்பர்ல எழுதி ஒட்டினார். வீட்டுல இருந்த எல்லார்கிட்டயும், மாடியில குடியிருக்கிறவங்க உட்பட, வாயால சொன்னார். பழைய மாடல் ஃபியூஸ் கட்டை இருக்கிற வீடா இருந்தா, அதைப் பிடுங்கிச் சட்டைப் பையிலயே போட்டுக்குவாராம். “கட்டை என் பையில இருந்தா எவன் போடுவான்?”

கடைசியா மூடியைக் கழட்டி, போர்டுல இருக்கிற ஒவ்வொரு ஸ்க்ரூவுலயும் டெஸ்டர் வச்சுப் பாத்தார். மாத்தப்போற சுவிட்சுல மட்டும் இல்ல, எல்லாத்துலயும். சில வீடுகள்ல ஒரே போர்டுக்கு ரெண்டு லைன் வரும். ஒண்ணு சாதா லைன், ஒண்ணு இன்வர்ட்டர் லைன்.

நான்: டெஸ்டர் எரியலைன்னா நம்பிடலாமா மாமா?

மாமா: அது உன் உடம்பு வழியா போற துளி கரண்ட்ல எரியுற சின்ன நியான் விளக்குதான். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல நின்னாலோ, பின்பக்கம் விரல் சரியா படலைன்னாலோ மங்கலாத்தான் எரியும். வெயில் வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது. அதனால எரியலைன்னாலும் கரண்ட் இருக்கிற மாதிரி நினைச்சே வேலை பாரு. கை காஞ்சிருக்கணும், கால்ல செருப்பு இருக்கணும், ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி உறையோட இருக்கணும்.

மாத்துற வேலை

இதுக்கப்புறம் இருக்கிறது நிஜமாவே அஞ்சு நிமிஷ வேலைதான்.

ஒயரைத் தொடுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு போட்டோ. எந்த ஒயர் எந்த ஸ்க்ரூன்னு தெளிவா தெரியணும். அப்புறம் சுவிட்சை பிரேம்ல இருந்து விடுவிச்சு வெளிய எடுத்து, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு ஒயரை மட்டும் பழசுல இருந்து கழட்டிப் புதுசுல மாட்டணும். எல்லாத்தையும் ஒண்ணாக் கழட்டிட்டா அப்புறம் போட்டோவை ஜூம் பண்ணிக்கிட்டே உட்கார வேண்டியதுதான்.

எங்க வீட்டு சுவிட்ச் ஏன் சூடாச்சுன்னு கழட்டினப்பவே தெரிஞ்சுது. ஒரு ஸ்க்ரூ லூசு. லூசான இடத்துல ஒயரும் ஸ்க்ரூவும் சரியாத் தொடாது, நடுவுல பொறி பறக்கும். அந்த ‘கிர்ர்’ சத்தம் அதுதான். பொறி பறந்தா சூடு, சூடானா இன்னும் லூசு. அப்படியே விட்டா பிளாஸ்டிக் உருகி, ஒரு நாள் தீ. அதனால சத்தம், சூடு, கருகின வாடை, சுவிட்சைச் சுத்திப் பழுப்புக் கறை, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் தள்ளிப்போடாதீங்க.

ஒயர் முனை கருத்திருந்தா அதை வெட்டிட்டு, மேல்தோலை ஒரு செ.மீ. அளவுக்குச் சீவி, இழைகளை முறுக்கி உள்ள விடணும். ஒரு இழைகூட வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. தோல் மேல ஸ்க்ரூ உட்காரவும் கூடாது. லூப் ஒயரும் அதே ஓட்டையில வரணும்னா ரெண்டையும் சேர்த்து முறுக்கி விடணும். முறுக்கி முடிச்சதும் ஒயரைப் பிடிச்சு லேசா இழுத்துப் பாருங்க. வந்துச்சுன்னா மறுபடி மாட்டுங்க.

மூடியை முழுசா மாட்டின பிறகுதான் மெயின். அப்புறம் எம்.சி.பி. லைட்டைப் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு சுவிட்ச் மேல விரல் வச்சுப் பாருங்க. சூடு இருக்கக் கூடாது. எம்.சி.பி. விழுந்துச்சுன்னா திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீங்க. எங்கயோ தப்பு இருக்குன்னு அது சொல்லுது.

எங்க நிறுத்தணும்?

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுறது தோல்வி இல்ல. கீழ இருக்கிறதுல ஒண்ணு இருந்தாலும் மூடியை மாட்டிட்டு போன் போடுங்க.

மெயினும் இன்வர்ட்டரும் ஆஃப் பண்ணினப்புறமும் எங்கயாவது டெஸ்டர் எரியுது. ஒயர் உள்ள வரைக்கும் கருகி, தொட்டா உதிருது. ஒயர் செம்பு இல்ல, அலுமினியம். இருக்கிற ஒயர் எட்டல. சுவிட்ச் 16 ஆம்பியர், இல்லேன்னா டூ வே, உங்களுக்கு அது புரியல. அப்புறம், சுவர் ஈரமா இருக்கு.

மாமா: கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் சாரல் விழுகுற மாசத்துல சுவரே தண்ணி குடிச்சுப்போயி நிக்கும். போர்டைத் தொட்டா ‘விறுவிறு’ன்னு இருக்குன்னு சொல்லுவாக. அது சுவிட்ச் கோளாறு இல்ல, கசிவு. சுவிட்சை மாத்தினா சரியாகாது. மெயினை இறக்கிட்டு ஆளைக் கூப்பிடணும்.

மீட்டருக்கு முன்னாடி இருக்கிற எதுவும், அதாவது போஸ்ட்ல இருந்து வர்ற சர்வீஸ் ஒயர், மீட்டர், அதெல்லாம் மின்வாரியத்தோட பொறுப்பு. அங்க பொறி பறந்தா ‘மின்னகம்’ எண் 94987 94987-க்கு அடிங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க.

அந்த 30 மில்லி ஆம்பியர்

ஒரு கணக்கு சொல்றேன். 9 வாட் எல்.இ.டி. பல்பு 230 வோல்ட்ல இழுக்கிற கரண்ட் சுமார் 40 மில்லி ஆம்பியர். அதே அளவு ஒரு ஆளோட நெஞ்சு வழியாப் போனா உயிருக்கே ஆபத்து. லைட் லைன்ல இருக்கிற எம்.சி.பி. 6 ஆம்பியருக்கு மேல போனாத்தான் விழும். 6 ஆம்பியர்னா 6,000 மில்லி ஆம்பியர். அதாவது நீங்க ஷாக் வாங்கிக்கிட்டு இருக்கிறது எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. அது காப்பாத்துறது ஒயரை. ஆளைக் காப்பாத்த வேற கருவி வேணும்.

அதுதான் ஆர்.சி.டி., தமிழ்ல மின் கசிவு தடுப்பான். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒரே அளவா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சா, யாரோ உடம்பு வழியா பூமிக்குப் போகுதுன்னு எடுத்துக்கிட்டு கண் இமைக்கிறதுக்குள்ள வெட்டிவிடும். தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புகளுக்கு இதை மாட்டியே ஆகணும்னு மின் பகிர்மான விதித்தொகுப்பு சொல்லுது. உங்க மெயின் பாக்ஸைத் திறந்து ‘டெஸ்ட்’ பட்டன் இருக்கிற ஒரு கருவி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. இருந்தா மாசம் ஒரு தடவை அதை அமுத்துங்க. விழணும். விழலைன்னா மாத்தணும்.

ஆனா இது இருக்குன்னு தைரியமா போர்டுக்குள்ள கை விடாதீங்க. ஒரு கை பேஸ்லயும் ஒரு கை நியூட்ரல்லயும் பட்டா அதுக்குத் தெரியாது. பேட்டரியில ஓடுறப்ப இன்வர்ட்டர் லைனை அது பாக்காமலும் போகலாம். எங்க அப்பா கை நீட்டின அந்த நேரத்துல அது இருந்திருந்தாலும் உதவியிருக்குமான்னு சொல்ல முடியாது.

யாருக்காவது ஷாக் அடிச்சுட்டா அவங்களைப் பிடிச்சு இழுக்காதீங்க. முதல்ல மெயின், இன்வர்ட்டர் ரெண்டையும் ஆஃப். உடனே முடியலைன்னா காஞ்ச கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி ஏதாவது வச்சுத் தள்ளிவிடுங்க. 108. மூச்சு இல்லைன்னா நெஞ்சை அமுத்துற முதலுதவி. எழுந்து உட்கார்ந்து “ஒண்ணும் இல்ல”ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துருங்க.

கடைசியா

அன்னைக்கு சுவிட்ச் மாட்டி முடிக்க அஞ்சு நிமிஷம். அதுக்கு முன்னாடி நிறுத்தவும் சோதிக்கவும் இருபது நிமிஷம். அப்பா அந்த இருபது நிமிஷமும் “இதுக்கெல்லாமா இப்படி”ன்னு முனகிக்கிட்டேதான் இருந்தார்.

போன வாரம் அம்மா போன்ல சொன்னாங்க. பின்கட்டு சுவிட்சை அப்பா மாத்தினாராம். “ஒரு மணி நேரமா மிக்சி போட விடலடி. மெயின்ல பேப்பர் ஒட்டி வச்சுட்டு, தெருவுல போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

எனக்கு அன்னைக்குத்தான் தூக்கம் வந்துச்சு.

ஊர்ல அம்மா, அப்பா தனியா இருக்காங்கன்னா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புறதோட நிறுத்தாம, அடுத்த தடவை போறப்ப மெயின் எங்க இருக்கு, இன்வர்ட்டர் பட்டன் எது, ஆர்.சி.டி. இருக்கான்னு அவங்களோட நின்னு ஒரு தடவை பாத்துட்டு வாங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.